பழைய கணினித் தமிழை அச்சேற்றும் வழிகள்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் தெலுக் பங்லிமா காராங். சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒருபுறம் தடையற்ற வாணிக வட்டாரத்தின் தொழிற்சாலைகள். மறுபுறம், ஆற்றைக் கடந்தால், கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். தோட்ட வாழ்வும் தொழிற்சாலை வாழ்வும் கலந்து நிற்கும் இவ்வூரைப் போன்ற ஊர்கள் பலவற்றில் மலேசியத் தமிழ்ப் பள்ளிகள் வேரூன்றியுள்ளன. நாடு முழுவதும் இன்று 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன.

இத்தகைய ஊரிலுள்ள ஒரு பள்ளியின் அலுவலக அறையை மனக்கண்முன் கொண்டுவந்து பார்க்கலாம். மூலையில் ஒரு பழைய கணினி. அதனுள் 1990-களில் தமிழாசிரியர் ஒருவர் தட்டெழுதி வைத்த வினாத்தாள்கள், இலக்கணப் பயிற்சிகள், ஆண்டு விழா மலரின் பக்கங்கள். அடுத்த அறையில் புதிய அச்சுப்பொறி. பள்ளியின் கணினிகள் எல்லாம் ஒரே பிணையத்தில் இணைக்கப்பட்டு அந்த ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்துகின்றன. புதிய கணினியிலிருந்து கட்டளையிட்டால் உடனே தாள் வருகிறது. பழைய கணினியிலிருந்து கட்டளையிட்டால் ஒன்றும் வருவதில்லை; வந்தாலும் பொருளற்ற குறிகளே தாளை நிரப்புகின்றன.

இது வெறும் இயந்திரக் கோளாறு என்று பலர் எண்ணுகின்றனர். பழைய கணினியைக் கழித்துவிடுவதே தீர்வு என்றும் கருதுகின்றனர். அவ்வாறு கழிக்கப்படும்போது இரும்பும் கண்ணாடியும் மட்டும் போவதில்லை. பல ஆண்டுத் தமிழ் உழைப்பும் அதனோடு போகிறது. ஆகவே, பழைய மென்பொருள் புதிய பிணையத்தில் அச்சிட மறுப்பது ஏன், அதனை இணங்கச் செய்யும் வழிகள் எவை, அவ்வழிகளின் எல்லை யாது என்பவற்றைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

அச்சுப்பொறிக்கு ஒரே வாயில்

ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை 1981-இல் வெளியிட்டது. அக்கணினியில் அச்சுப்பொறிக்கென ஒரு வாயில் இருந்தது. கணினிப் பக்கம் 25 முனைகளும் அச்சுப்பொறிப் பக்கம் 36 முனைகளும் கொண்ட தடித்த கம்பிவடம் அவ்வாயிலில் செருகப்படும். டாஸ் இயக்க முறையில் இவ்வாயிலுக்கு 'எல்பிடி1' என்று பெயர்.

அக்கால மென்பொருள்கள் இவ்வாயிலைத் தவிர வேறொன்றையும் அறியா. தாம் அனுப்ப விரும்பும் எண்களை வரிசையாக எல்பிடி1 வழியே தள்ளிவிடுவதுடன் அவற்றின் பணி முடிந்தது. அச்சுப்பொறி அடுத்த அறையில் இருக்கலாம், வேறொரு கணினியின் பொறுப்பில் இருக்கலாம் என்பதெல்லாம் அவற்றின் கற்பனைக்கு எட்டாதவை. அது மட்டுமன்று. ஒவ்வொரு மென்பொருளும் அச்சுப்பொறியின் மொழியைத் தானே கற்றிருக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த விண்டோஸ் இப்பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. அதன்பின் எழுதப்பட்ட மென்பொருள்கள் 'இப்பக்கத்தை அச்சிடுக' என்று விண்டோசிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பழையவை மட்டும் இன்றும் அந்த ஒரே வாயிலைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஊசிமுனையில் தமிழ்

தமிழ் மென்பொருள்களின் நிலை இன்னும் நுட்பமானது. 1980-களில் பரவலாக வழங்கியவை டாட் மேட்ரிக்ஸ் எனப்படும் ஊசி அச்சுப்பொறிகள். எப்சன் நிறுவனத்தின் எம்எக்ஸ்-80 என்னும் பொறி 1980-இல் வந்தது. அதன் தலையில் 9 ஊசிகள் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருந்தன. ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் பொறிக்குள்ளேயே பதிந்திருந்தன. கணினி 65 என்னும் எண்ணை அனுப்பினால் பொறி 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தை அடிக்கும். 66-ஐ அனுப்பினால் 'பி'. தமிழுக்கு அவ்வசதி இல்லை.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216 ஆகத் தமிழ் எழுத்துகள் 247. கணினி ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடங்களோ மொத்தம் 256. அவற்றில் முற்பாதியான 128-ஐ ஆங்கிலமும் கட்டுப்பாட்டுக் குறிகளும் பிடித்துக்கொண்டன. மேலும், 'கீ' போன்ற எழுத்தில் மேலே ஏறும் விலங்கும், 'பூ' போன்ற எழுத்தில் கீழே இறங்கும் வளைவும் 9 புள்ளி உயரத்துக்குள் செம்மையாக அடங்குவதில்லை. 24 ஊசிகள் கொண்ட பொறிகள் வந்த பின்னரே வடிவம் ஓரளவு திருந்தியது.

இந்நிலையில் தமிழ் நிரலாளர்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, தமிழ் வடிவங்களை அச்சுப்பொறியின் நினைவகத்தில் முன்கூட்டியே ஏற்றுவது. மற்றொன்று, வரி முழுவதையும் ஒரு படமாக வரைந்து அனுப்புவது. படமாக அனுப்பும்போது ஒவ்வொரு நெட்டு வரிசையிலும் எந்தெந்த ஊசி குத்த வேண்டும் என்பதை 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் குறிக்கும். அத்தகைய எண்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் ஒரு வரி உருவாகும். கனடாவில் உருவான 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' போன்ற முயற்சிகள் இக்காலத்தைச் சேர்ந்தவை.

இங்கு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். ஆங்கில வரியில் ஓர் எண் பிழையானால் ஓர் எழுத்து மட்டுமே பிழையாகும். படமாக அனுப்பப்படும் தமிழ் வரியில் ஓர் எண் கூடினாலும் குறைந்தாலும் அதன்பின் வரும் பகுதி முழுவதும் இடம் பெயர்ந்து சிதைந்துவிடும். பிணையம் வந்தபோது தமிழ் அச்சுக்கு நேர்ந்த இடர்களுக்குள் பெரும்பாலானவை இதனால் விளைந்தவையே.

பிணையம் செய்த குறுக்கீடு

1980-களில் அலுவலகங்களில் பரவிய பிணைய முறைகளுள் முதன்மையானது நோவெல் நிறுவனத்தின் நெட்வேர். பழைய மென்பொருளை ஏமாற்றும் உத்தியை அது நன்கு அறிந்திருந்தது. அதில் 'கேப்சர்' என்றொரு கட்டளை உண்டு. அக்கட்டளையை இட்டால், மென்பொருள் எல்பிடி1 வாயிலுக்கு அனுப்பும் எண்களை எல்லாம் பிணையம் இடையிலேயே பிடித்து, தொலைவிலுள்ள அச்சுப்பொறியின் வரிசையில் சேர்த்துவிடும். மென்பொருளோ தன்னருகே ஓர் அச்சுப்பொறி இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். இன்றுவரை கையாளப்படும் மாற்று வழிகளின் அடிப்படை இதுவே. ஆயினும் இதில் நான்கு இடர்கள் உள்ளன.

முதலாவது, முடிவு தெரியாமை. பழைய மென்பொருள் 'அச்சு வேலை முடிந்தது' என்று சொல்லும் வழக்கமில்லாதது. எனவே பிணையம் காத்துக்கொண்டே இருக்கும். மென்பொருளை மூடினால்தான் தாள் வரும். இதற்காகவே 'இத்தனை நொடி எண் ஒன்றும் வராவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்க' என்று கால வரம்பு வைக்கும் வசதி செய்யப்பட்டது. வரம்பு மிகக் குறுகினால் ஒரே வினாத்தாள் இரண்டு துண்டாக அச்சாகும். மிக நீண்டால் பயனர் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் கட்டளையிடுவார்.

இரண்டாவது, 9 என்னும் எண். இது தட்டெழுத்து முறையில் 'டேப்' என்னும் இடைவெளித் தாவலைக் குறிக்கும். நெட்வேர் இவ்வெண்ணைக் கண்டால், உதவி செய்வதாக எண்ணி, அதனை 8 வெற்றிடங்களாக விரிக்கும் இயல்புடையது. ஆங்கிலக் கடிதத்துக்கு இது உதவியே. தமிழ் வரியின் படத்திலோ 9 என்பது இரண்டு ஊசிகளின் குத்து. ஓர் எண் எட்டாக விரிந்ததும் வரி உடைந்துவிடும். 'தாவலை விரிக்காதே' என்னும் குறிப்பைக் கட்டளையோடு சேர்த்தால் இவ்விடர் நீங்கும்.

மூன்றாவது, 26 என்னும் எண். டாஸ் முறையில் இது கோப்பின் முடிவைக் குறிக்கும். அச்சு எண்களைக் கோப்பாகச் சேமித்து, பின்னர் 'காப்பி' கட்டளையால் அச்சுப்பொறிக்கு அனுப்புவோர் இதில் அகப்படுவர். படத்தின் நடுவே 26 வந்ததும் கோப்பு முடிந்துவிட்டதாகக் கருதி அனுப்புதல் நின்றுவிடும். பாதிப் பக்கம் மட்டும் அச்சாவதன் மருமம் இதுவாக இருக்கலாம். கட்டளையுடன் சாய்கோடும் 'பி' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால், உள்ளடக்கத்தைப் பொருள்கொள்ளாமல் அப்படியே அனுப்பும்.

நான்காவது, வேண்டாத முகப்புத்தாளும் வேண்டாத வெற்றுத்தாளும். யார் அச்சிட்டது என்று காட்டும் முகப்பைப் பிணையம் தானாகச் சேர்க்கும். இறுதியில் ஒரு தாளைத் தள்ளியும் விடும். இரண்டையும் நிறுத்தும் குறிப்புகள் உள்ளன.

விண்டோசில் அதே உத்தி

விண்டோஸ் பிணையத்தில் 'நெட் யூஸ்' என்னும் கட்டளை இப்பணியைச் செய்கிறது. கட்டளைச் சாளரத்தில் 'நெட் யூஸ்' என்று எழுதி, அடுத்து எல்பிடி1 என்னும் வாயிற்பெயரையும், அதனையடுத்து இரண்டு பின்சாய்கோடுகளிட்டு அச்சுப்பொறியைப் பொறுப்பேற்றிருக்கும் கணினியின் பெயரையும், மேலும் ஒரு பின்சாய்கோடிட்டு அச்சுப்பொறியின் பகிர்வுப் பெயரையும் எழுத வேண்டும். 'பெர்சிஸ்டன்ட்' என்னும் குறிப்பைச் சேர்த்தால் கணினியை மூடித் திறந்த பின்னும் இணைப்பு நிலைக்கும். பகிர்வுப் பெயர் இடைவெளியின்றி 8 எழுத்துக்குள் அமைவது பழைய முறைகளுக்குப் பொருந்தும்.

அச்சுப்பொறி அதே கணினியில் யூஎஸ்பி வடத்தால் இணைந்திருந்தாலும் இவ்வழி பயன்படும். அப்பொறியைப் பிணையத்தில் பகிர்ந்துவிட்டு, எல்பிடி1-ஐத் தன் கணினியின் பெயருக்கே திருப்பிவிட வேண்டும். வீட்டின் முன்வாயிலில் வெளியேறி மறுபடி பக்கவாயிலில் நுழைவது போன்றது இது. கணினி எந்தப் பிணையத்திலும் சேராமல் தனித்திருப்பின், 'லூப்பேக்' எனப்படும் போலிப் பிணைய அட்டையை விண்டோசில் நிறுவினால் போதும். பிணையம் இருப்பதாகக் கணினி நம்பிவிடும்.

ஆனால் இவ்வழிக்கும் எல்லையுண்டு. எண்களை அச்சுப்பொறியின் வாயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே இக்கட்டளையின் பணி. அவ்வெண்களின் பொருள் அச்சுப்பொறிக்கு விளங்க வேண்டுமே! விலை குறைந்த இக்கால அச்சுப்பொறிகள் பல எழுத்தறிவில்லாதவை. பக்கம் முழுவதையும் கணினியே வரைந்து, தமக்குரிய தனிமொழியில் ஊட்டினால்தான் அவை அச்சிடும். 65 என்ற எண்ணை நேரே அனுப்பினால் அவை வாளாவிருக்கும். எப்சன் ஊசிப்பொறிக்கென வரையப்பட்ட படக் கட்டளைகளை லேசர் பொறிக்கு அனுப்பினால், கட்டளைகளையே எழுத்தாகக் கருதித் தாள்தாளாகக் குறிகளைக் கொட்டுவதும் உண்டு.

பல படிச் சீட்டுகள் தேவைப்படும் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் ஊசி அச்சுப்பொறிகள் இன்றும் வழக்கில் உள்ளன. மேல்தாளில் ஊசி குத்தினால்தான் கீழ்த்தாளில் படி விழும் என்பதே காரணம். ஆகவே பழைய மென்பொருளுக்கேற்ற பொறி கிடைக்காத பொருளன்று. அச்சு எண்களைக் கோப்பாகப் பிடித்து எடுத்துச் சென்று, அத்தகைய பொறியுள்ள இடத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

மற்றொரு தடை இயக்க முறையிலிருந்து வருகிறது. 64-பிட் விண்டோசில் டாஸ் மென்பொருள்கள் நேராக இயங்குவதில்லை. விண்டோஸ் 10-இன் 32-பிட் பதிப்பு அவற்றுக்கு இடமளித்தது. அம்முறைக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 10-ஐ அடுத்து வந்த விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே இல்லை. எனவே பள்ளிகளும் அலுவலகங்களும் கணினிகளை மாற்றும்போது பழைய மென்பொருளுக்கு இருந்த இறுதி இடமும் அகன்றுவிடுகிறது. இதற்கு மாற்றாக, புதிய கணினிக்குள் பழைய கணினியைப் போலவே நடிக்கும் நிரல்கள் உள்ளன. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்னும் இலவச நிரல் பழைய கணினியாக மட்டுமின்றி, எப்சன் வகை அச்சுப்பொறியாகவும் நடிக்கும். ஊசிப்பொறி அடித்திருக்கக்கூடிய பக்கத்தைப் படமாக எழுதித் தரும். அப்படத்தை எந்தப் புதிய அச்சுப்பொறியிலும் அச்சிடலாம்.

அச்சுக்கோப்பவரின் பெட்டி

இதுவரை கூறியவை டாஸ் காலத்துக் கோப்புகளுக்குரியவை. விண்டோஸ் காலத்துத் தமிழ்க் கோப்புகளின் இடர் வேறுவகையானது. ட்ரூடைப் எழுத்துருக்கள் 1992-இல் விண்டோஸ் 3.1 வழியாகப் பரவின. எழுத்துருவை நிறுவினால் திரையிலும் தாளிலும் ஒரே வடிவம் கிடைத்தது. தமிழ் எழுத்துருக்கள் பெருகின. பேஜ்மேக்கர் போன்ற பக்க அமைப்பு மென்பொருள்களில் மலர்களும் நூல்களும் உருவாயின.

பழைய அச்சகத்தை அறிந்தோர்க்கு இதன் சிக்கலை எளிதில் விளக்கலாம். அச்சுக்கோப்பவரின் முன் ஈய எழுத்துகள் நிறைந்த பெட்டி இருக்கும். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை. 'மூன்றாம் வரிசை ஐந்தாம் அறை, முதல் வரிசை இரண்டாம் அறை' என்று அறை எண்களை மட்டும் ஒருவர் எழுதிவைத்ததாகக் கொள்ளலாம். அதே பெட்டி உள்ளவரை அவ்வெண்களைக் கொண்டு பாடத்தை மீண்டும் கோத்துவிடலாம். அறைகள் வேறு விதமாக அமைந்த இன்னொரு பெட்டியில் அதே எண்களைப் பின்பற்றினால் உளறலே கிடைக்கும். பழைய தமிழ்க் கோப்பில் இருப்பவை எழுத்துகள் அல்ல, அறை எண்கள். பெட்டியே எழுத்துரு.

இப்பெட்டிகள் பலவாறாக அமைந்ததே தமிழ்க் கணிமையின் பெருந்தொல்லை. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய 'மயிலை' ஒரு முறை. அறிஞர் பலர் கூடி வகுத்த திஸ்கி மற்றொரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு முறைகளை ஏற்றது. இவற்றுக்கு வெளியே, அச்சகங்களுக்கும் நாளிதழ்களுக்கும் உரிய தனிமுறைகளும் இருந்தன. 2001-இல் தமிழிணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் இப்பன்மை தீர்ந்தபாடில்லை. எல்லா மொழிகளுக்கும் தனித்தனி இடமளிக்கும் யூனிகோடு முறையில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 முதலே அது பொதுப் பயனுக்கு ஏற்றதாயிற்று. 2010 ஜூன் மாதம் கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில் தமிழக அரசு யூனிகோட்டைத் தன் தரமாக அறிவித்தது.

பிணைய அச்சில் இப்பெட்டிச் சிக்கல் இரு வடிவில் தோன்றும். ஆசிரியர் அறைக் கணினியில் எழுத்துரு உண்டு. அலுவலகக் கணினியில் இல்லை. கோப்பை அங்குத் திறந்து அச்சிட்டால் கொம்பும் புள்ளியும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகளே தாளில் விழும். இது யாவரும் கண்டது. மற்றொன்று அரிதாயினும் மிகவும் குழப்புவது. திரையில் தமிழ் சரியாக இருக்கும். தாளில் மட்டும் உளறல் வரும். எழுத்துருவின் வடிவங்கள் அச்சு வேலையோடு சேர்ந்து செல்லாமையே இதன் காரணம். போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைப் பொறி, தனக்கு வந்துசேராத எழுத்துருவுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள கூரியர் எழுத்தை எடுத்து அடித்துவிடும். அச்சுப்பொறியின் அமைப்பில் எழுத்துருவை உடன் அனுப்புமாறோ, எழுத்தைப் படமாக அனுப்புமாறோ மாற்றினால் இது தீரும்.

ஓரெழுத்து மட்டும் மறையும் விந்தையும் உண்டு. திஸ்கி முறையில் இகரம் 173-ஆம் இடத்தைப் பெற்றது. ஐரோப்பிய முறையில் அவ்விடம், வரி முறியும்போது மட்டும் தோன்ற வேண்டிய இணைப்புக் கோட்டுக்கு உரியது. ஆகவே சில மென்பொருள்கள் இகரத்தைக் காட்டாமல் விழுங்கிவிட்டன. 'இலக்கணம்' என்பது 'லக்கணம்' ஆயிற்று. இதனால் அவ்வெழுத்துக்கு 254-ஆம் இடமும் பின்னர் தரப்பட்டது.

தாள் வேறு, எழுத்து வேறு

மேலே கூறிய வழிகளால் பெரும்பாலான பழைய கோப்புகளைத் தாளில் கொண்டுவந்துவிடலாம். தாளுக்கு மாற்றாக பிடிஎஃப் கோப்பாகவும் எடுக்கலாம். அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட பிடிஎஃப் முறையில், எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்க இயலும். நெடுநாட் பாதுகாப்புக்கென 2005-இல் அனைத்துலகத் தரமாக வகுக்கப்பட்ட பிடிஎஃப்-ஏ வகை, எழுத்துருவைப் பொதிவதைக் கட்டாயமாக்குகிறது. அவ்வாறு எடுத்த பக்கம் எந்தக் கணினியிலும் எந்தப் பிணைய அச்சுப்பொறியிலும் மாறாமல் வரும்.

இத்துடன் பணி முடிந்ததாகக் கருதுவதே பலரும் செய்யும் பிழை. அப்பக்கம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்குத் தமிழன்று. அதில் 'திருக்குறள்' என்னும் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அறை எண்களுக்குரிய ஐரோப்பிய எழுத்துகளே வரும். திருத்தவும் இயலாது; புதிய பாடநூலில் சேர்க்கவும் இயலாது. அச்சிடத் தெரிந்துவிட்டதாலேயே எழுத்து காப்பாற்றப்பட்டதாகிவிடாது. எழுத்தை யூனிகோட்டுக்கு மாற்றினால்தான் அது காப்பாற்றப்பட்டதாகும்.

அப்படியாயின் அச்சிடும் வழிகளால் பயனில்லையோ எனின், அவற்றின் மெய்யான பயன் இங்கேதான் தொடங்குகிறது. மாற்றும் பணிக்குச் சான்றுப்படி ஒன்று வேண்டும். மூலத்தில் என்ன எழுத்து இருந்தது என்பதை ஐயமின்றிக் காட்டுவது, மூல மென்பொருளே அச்சிட்ட அந்தத் தாள்தான்.

மயிலை, திஸ்கி, டாப் முதலிய அறியப்பட்ட முறைகளுக்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்று நிரல்கள் உள்ளன. ஆனால் அவை தரும் முடிவை மெய்ப்புப் பார்க்காமல் ஏற்றல் கூடாது. பழைய முறைகள் எழுத்தைக் கண்ணால் காணும் வரிசையில் வைத்தன: 'கொ' என்பதில் முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்துக் ககரம், அடுத்துக் கால். யூனிகோடோ ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது: முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. இவ்விட மாற்றத்தில் பிழை நேரலாம். ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே தோற்றம் உடையவை. ஆதலால் பலர் ளகரத்தையே தட்டிவிட்டனர். தாளில் வேறுபாடு தெரியாது. மாற்றியபின் 'கௌரவம்' என்பது ளகரத்தோடு கூடிய ஐந்தெழுத்துப் பிழையாக நிற்கும். ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் இடம் மாறுவதும் உண்டு. இவற்றைக் கண்டு திருத்த வல்லவர் கணினி வல்லுநர் அல்லர், தமிழாசிரியரே.

எந்த மாற்று நிரலும் அறியாத தனிமுறைக் கோப்புகளுக்கும் வழியுண்டு. பழைய மென்பொருள் இயங்கும் நிலையில் இருக்கும்போதே, புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கி, அகரம் முதல் னௌகாரம் ஈறாக 247 எழுத்துகளையும், அவற்றுடன் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளையும், எண்களையும், நிறுத்தக் குறிகளையும் முறைப்படி தட்டெழுத வேண்டும். அதனைச் சேமிக்க வேண்டும், அச்சிடவும் வேண்டும். சேமித்த கோப்பு அறை எண்களைத் தரும்; அச்சிட்ட தாள் அவ்வெண்களுக்குரிய எழுத்துகளைக் காட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால் பெட்டியின் அமைப்பு முழுவதும் வெளிப்பட்டுவிடும். அவ்வட்டவணையைக் கொண்டு மாற்று நிரல் எழுதுவது நிரலறிந்த மாணவர் ஒருவர்க்கே இயலும். அட்டவணையைத் தயாரிக்க ஒரு பிற்பகல் போதும். பழைய கணினி செயலிழந்த பின்னரோ அதனை எளிதில் பெற முடியாது. ஒவ்வொரு குறியாக ஊகித்துத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

பள்ளி செய்யத்தக்கது

ஆகவே பழைய கணினியுள்ள பள்ளி ஒன்று பின்பற்றத்தக்க ஒழுங்கு இது. முதலில், கோப்புகள் அனைத்தையும் எழுத்துருக் கோப்புகளோடும் மென்பொருளோடும் சேர்த்து வேறிரு இடங்களில் படியெடுத்து வைத்தல். நெகிழ்தட்டுகளில் உள்ளவற்றை முதலில் எடுத்தல். இரண்டாவது, மேற்கூறிய எழுத்து அட்டவணையைத் தயாரித்தல். மூன்றாவது, வாயிலைத் திருப்பியோ, கோப்பாகப் பிடித்தோ, நடிப்பு நிரலைக் கொண்டோ, ஒவ்வொரு கோப்பையும் ஒருமுறை தாளிலோ எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் வடிவிலோ வெளிக்கொணர்தல். நான்காவது, யூனிகோட்டுக்கு மாற்றி, அத்தாளோடு ஒப்பிட்டு மெய்ப்புத் திருத்துதல். இந்நான்கும் முடிந்தபின் பழைய கணினியைக் கழிப்பதில் இழப்பில்லை. ஆதரவு நின்ற அக்கணினியைப் பணி நடக்கும் காலத்தில் இணையத்திலிருந்து விலக்கி வைப்பதும் பாதுகாப்புக்கு உகந்தது.

இவ்வுழைப்பு வீண்போகாது என்பதற்கு மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் சான்றாகும். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய இத்திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிச் சேர்த்தனர். தொடக்கக் கோப்புகள் யூனிகோட்டுக்கு முற்பட்ட முறைகளில் அமைந்தவை. அவை காலத்தோடு மாற்றப்பட்டமையால் இன்று கைப்பேசியிலும் படிக்கக் கிடைக்கின்றன. தட்டெழுதியதோடு நின்றிருந்தால் அவையும் திறக்க இயலாத பெட்டிகளாகியிருக்கும்.

தமிழர்க்கு இப்பணி புதியதன்று. பனையோலை நெடுநாள் நிலைக்காது என்பதை அறிந்த முன்னோர், ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றியபோது அவர்முன் இருந்தவை அவ்வாறு பெயர்த்தெழுதப்பட்டு வந்த படிகளே. ஓலைச்சுவடிக்கு நூற்றாண்டுகள் கிடைத்தன. கணினிக் கோப்புக்குக் கிடைப்பவை சில பத்தாண்டுகளே. அலுவலக மூலையிலிருக்கும் பழைய கணினி இன்னும் ஒளிர்கிறது என்றால், ஏடு இன்னும் சிதையவில்லை என்று பொருள். பெயர்த்தெழுத வேண்டிய காலம் அதுவே.